ஜே பிளாக்ல படம் தெரிஞ்ச வருஷம்

ஆத்தோரத்துல இருந்தவங்கள எல்லாம் லாரில ஏத்தி ஊருக்கு வெளிய கொண்டாந்து எறக்கி விட்டாங்களே, எட்டு மாடி எட்டு மாடியா, ஒண்ணு பாத்தா இன்னொண்ணு பாக்க வேணாம்ங்கற மாதிரி நிக்கிற வாரியக் குடியிருப்பு, அதுல ஜே பிளாக்ல லோகு செத்து காரியமெல்லாம் முடிஞ்ச மறுநாள் ஒரு கூரியர்காரன் வந்து லோகு பேரச் சொல்லி ஒரு பார்சல நீட்டினான், அவன் இல்லன்னு சொல்லவும் அவன் அக்கா சங்கவிக்கு வாய் வரல, இருக்கான்னு சொல்லவும் வாய் வரல, அதனால கையெழுத்து போட்டு வாங்கி ஷெல்ஃப்ல வெச்சிட்டா.

உள்ள இருந்தது தீப்பெட்டி சைஸ்ல ஒரு யூஎஸ்பி டியூனர், காத்துல வர்ற டிஜிட்டல் டிவி சேனலப் புடிச்சி கம்ப்யூட்டர்ல காட்டற சாமான், கூடவே அடில காந்தம் வெச்ச ஒரு குட்டி ஆன்டெனா. இங்க குடி வந்ததுல இருந்து கேபிள்காரன் இன்னிக்கு வரேன் நாளைக்கு வரேன்னு சொல்லிட்டே இருந்தான், ஆத்தோரத்துல டிவி பாத்துக்கிட்டே கீர ஆயுற அம்மா அமுலு இங்க வந்து வெறும் செவுத்தப் பாத்துக்கிட்டே ஆய்ஞ்சா, அது பொறுக்காம லோகு, "இரும்மா, ஒயரு வாணாம், கேபிளு வாணாம், நம்ம லேப்டாப்லயே படம் காட்றேன் பாரு"ன்னு ஆர்டர் போட்டுட்டு வேலைக்குப் போனான், திரும்பி வர்ற வழில மெயின் ரோட்டுல ஒரு தண்ணி லாரி.

அன்னிக்கு ஜே பிளாக்கே அழுதுச்சு. லோகுவ லிஃப்ட்ல ஒரு தடவ கூட பாக்காத பொம்பளைங்க எல்லாம் படியேறி வந்து அமுலு கழுத்தக் கட்டிக்கினு, அவங்கவங்க வீட்டு சாவையும் சேத்து வெச்சி அழுதாங்க, அது அப்படித்தான், அழுவுற சத்தம் கேட்டா யார் வீடு எவர் வீடுன்னு கேக்காம போய் கூட குந்தி அழுவுறது ஆத்தோரத்துல இருந்தே வர்ற பழக்கம், வீட்ட இடிச்சவங்களால அத இடிக்க முடியல. சங்கவி மட்டும் அழல. பல்லு புடுங்க ஊசி போட்டா கன்னம் மரத்து, கடிச்சாலும் தெரியாது கிள்ளினாலும் தெரியாதுன்னு இருக்குமே, அது உடம்பு பூரா இருந்துச்சு அவளுக்கு. வந்தவங்களுக்கு டீ போட்டா, நாற்காலி எடுத்துப் போட்டா, ஐஸ் பொட்டி எப்ப எடுக்கணும்னு கேட்டா.

"கூடப் பொறந்தவ கண்ணுல ஒரு சொட்டு வருதா பாரு. கல்லு"ன்னா மூணாவது மாடி சரளாக்கா, சங்கவி காதுல விழற மாதிரியே.

அமுலு மட்டும் திட்டல. எல்லாரும் போனதுக்கப்புறம் மக கையப் புடிச்சிக்கினு, "ஒரு தடவ அழுதுடுடி கண்ணு. நீயும் நானும் ஒண்ணா குந்தி ஒரே ஒரு தடவ அழுதுட்டா எனக்கு நெஞ்சு பாரம் எறங்கிடும்டி. தனியா அழுது மாளல"ன்னா. சங்கவி முயற்சி பண்ணா, நெஜமாவே பண்ணா, அவன் சட்டைய மோந்து பாத்தா, அவன் போன்ல இருந்த போட்டோ எல்லாம் பாத்தா, வரல.

அழுகை வராததால டியூனர எடுத்தா.

லோகு லேப்டாப் ஸ்கூல்ல கவர்மென்ட் குடுத்தது, விண்டோஸ் எப்பவோ படுத்துடுச்சு, அவன் அதுல லினக்ஸ் போட்டு ஓட்டிக்கிட்டு இருந்தான். சங்கவி ரிச்சி ஸ்ட்ரீட்ல செல்போன் சர்வீஸ் கடைல இருந்தவ, இங்க வந்தப்புறம் ரெண்டு பஸ் மாறிப் போக முடியாம வேலைய விட்டவ, அதனால பயமெல்லாம் இல்ல, சொருகினா. ஒண்ணும் நடக்கல. லைட் கூட எரியல. கட்டள அடிக்கற கறுப்பு டெர்மினல தொறந்து என்ன சொருகிருக்குன்னு கேட்டா, ஏதோ சொருகிருக்கு, பேரு தெரியலன்னு சொல்லுச்சு. லினக்ஸுக்கு உள்ள இருந்து எல்லாத்தையும் ஓட்டற கெர்னல் என்ன பொலம்புதுன்னு பாத்தா, சாமானத் தெரியும், ஆனா அத எழுப்பறதுக்கு வேண்டிய ஃபர்ம்வேர் ஃபைல காணோம், விட்டுடறேன்னு எழுதி இருந்துச்சு. தேடினா. எவனோ ஒருத்தன் எந்த ஊர்லயோ உக்காந்து என்னிக்கோ இதே மாதிரி முட்டி மோதி, இந்த ஃபைல இந்த ஃபோல்டர்ல போடுன்னு எழுதி வெச்சிருந்தான், அதுக்குக் கீழ இன்னொருத்தன் ‘வேல செய்யுது ப்ரோ, நல்லா இரு’ன்னு போட்டிருந்தான். வீட்டுக்குள்ள டவர் எடுக்காதுன்னு மொட்ட மாடிக்குப் போய் எறக்கினா, போட்டா, புடுங்கி மறுபடி சொருகினா, நீல லைட் எரிஞ்சிச்சு. லோகுவா இருந்தா இந்நேரம் கத்தி ஆடி பக்கத்து வீட்டுக் கதவத் தட்டி இருப்பான்னு தோணுச்சு. தோணினதோட சரி.

அப்புறம் சேனல் தேடற வேல. ஒவ்வொரு அலைவரிசையா போய்ப் பாத்து, இல்ல, இல்ல, இல்லன்னு எழுதிட்டே வந்துச்சு. டிவி டவர் இருக்கறது ஊருக்குள்ள, இவங்க இருக்கறது ஊரு எட்டாத எடத்துல. ஆன்டெனாவ ஜன்னல் கம்பில ஒட்டினா, குக்கர் மூடில ஒட்டினா. எதிர் வீட்டு டில்லி, ஆட்டோ ஓட்றவரு, கிரிக்கெட்னா உசுரு, அவரு இட்லி தட்ட எடுத்தாந்து பால்கனில கட்டினாரு.

"ஓட்ட உள்ள தட்டு தான்ணா சிக்னல் இழுக்கும்னு யார் சொன்னது?"ன்னா சங்கவி.

"யாரும் சொல்லல. வூட்ல அது தான் சும்மா இருக்கு."

அதுலயும் வரல. ஒரு மத்தியானம், போதும்னு எல்லாத்தையும் பெட்டில போட்டு வெச்சிடலாம்னு சங்கவி அந்த ஆன்டெனாவ உள்ளங்கைல எடுத்தா, எடுத்த நேரத்துல ஸ்கிரீன்ல பூஜ்யமா கெடந்த சிக்னல் பட்டை மெதுவா, பச்சத் தண்ணி ஏறுற மாதிரி ஏறுச்சு, ஒருத்தர் வந்து கத்திரிக்காய் செடில புழு விழுந்தா என்ன பண்ணணும்னு சொல்ல ஆரமிச்சாரு. கீழ வெச்சா, போயிட்டாரு. எடுத்தா, வந்தாரு.

அமுலு வாசல்ல நின்னு பாத்தா. "லோகு சொன்ன மாதிரியே காட்டிட்டியேடி"ன்னா. அந்தப் பேர சொன்ன நொடி சங்கவி நெஞ்சுக்குள்ள என்னவோ ஒண்ணு லேசா பொரண்டுச்சு, உடனே கத்திரிக்காய்க்காரர் மூஞ்சி கட்டம் கட்டமா ஒடஞ்சி நின்னுடுச்சு. பொரண்டது அடங்குச்சு, படம் வந்துச்சு.

அவ்வளவு தாங்க விஷயம். சங்கவிக்கு ஒண்ணும் தோணாம இருக்கற வரைக்கும் சிக்னல் வரும், ஏதாச்சும் தோணுச்சுன்னா ஒடையும். ஏன்னு யாரும் பெருசா மண்டைய ஒடச்சிக்கல. தண்ணி ஏன் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருது, லிஃப்ட் ஏன் நாலாவது மாடிலயே நின்னுக்குதுன்னு கேட்டா எவன் பதில் சொல்றான், இத மட்டும் கேக்கறதுக்கு. கே பிளாக் எலக்ட்ரீஷியன் வந்து சங்கவிய மேலயும் கீழயும் பாத்துட்டு, "பொண்ணு நல்ல எர்த்து"ன்னாரு, அதுவே போதுமா இருந்துச்சு.

ஜே பிளாக் சங்கத் தலைவரு பஷீர் பாய், கீழ் தளத்துல தொறக்காமலே பூட்டிக் கெடந்த சத்துணவு ரூமோட பூட்ட ஒடச்சி, தரைய கழுவி, தன் வீட்டுப் பெரிய டிவிய எறக்கிக் கொண்டாந்து லேப்டாப்போட சேத்தாரு. சங்கவிக்குக் கையி வெச்ச ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. காலைல கஞ்சி குடிச்சிட்டு வந்து ஆன்டெனாவ மடில வெச்சி உக்காந்தான்னா பிளாக்கே உக்காரும். செய்தி, பழைய பாட்டு, மேட்ச், விவசாய நிகழ்ச்சி எல்லாம் பாத்தாங்க. ஒரு பிடி மண்ணு கெடையாத எட்டாவது மாடிக்காரங்க, நெல்லுக்கு எப்ப தண்ணி கட்டணும்னு நெத்தியச் சுருக்கிக் கேட்டாங்க.

அவ மனசு அசையாம பாத்துக்கறதே பிளாக்குக்கு ஒரு வேலையாச்சு. யாரு யாரு எப்பப்ப அவ பக்கத்துல குந்தணும்னு பொம்பளைங்களுக்குள்ள முற வெச்சிக்கிட்டாங்க. ஜோக்கு சொல்லக் கூடாது, வதந்தி சொல்லக் கூடாது, எவளாச்சும் மாசமா இருந்தா வயிறு தெரியறவரைக்கும் சங்கவிகிட்ட சொல்லக் கூடாது. நாலாவது மாடில ஒரு பெரியவரு செத்தப்போ, சத்தம் கேட்டா அவளுக்கு ஏதாச்சும் ஆயிடும்னு, வாயில முந்தானைய வெச்சிக்கினு அழுதாங்க. லோகு பேர யாரும் எடுக்கறதில்ல, ‘அந்தத் தம்பி’ன்னு கூட சொல்றதில்ல.

சரளாக்கா தான் எல்லாரையும் விட உஷாரு. தட்டுல சோறு கொண்டாந்து, உப்பு ஒறப்பு எதுவும் தூக்கலா இல்லாம ஊட்டாத கொறையா வெச்சா.

"கல்லுன்னு சொன்னீங்களே அக்கா"ன்னு கேட்டா சங்கவி, கோவமெல்லாம் இல்ல, ஞாபகம் வந்துச்சு, கேட்டா.

"அய்ய, கல்லுன்னா சும்மாவாடி? சாமியே கல்லு தான். சாப்புடு."

டில்லி சிரிச்சாரு, உடனே பஷீர் பாய் அவர் தொடைல தட்டி, "சிரிப்பு வெளிய வெச்சிக்கயா"ன்னாரு.

சங்கவிக்கு இதெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்கற மாதிரி இருந்துச்சு. நல்லதாவும் படல, கெட்டதாவும் படல. தனக்குள்ள ஒண்ணும் இல்லன்னு அவமானமா இருந்த எடத்துல இப்ப ஊருக்கே உபயோகம் இருக்குன்னு புத்திக்குத் தெரிஞ்சிச்சு. ராத்திரி படுத்தா மட்டும் அமுலு பக்கத்துல திரும்பி, மூச்சு படற தூரத்துல மக மூஞ்சிய பாத்துக்கினு, "வருஷம் திரும்புறதுக்குள்ளயாச்சும் அழுதுடுவியாடி? படையல் வெப்போம். அன்னிக்கு ரெண்டு பேரும் கதவ சாத்திக்கினு அழுவோம்"ன்னு கேப்பா. "ம்"னு சொல்லுவா. அந்த ‘ம்’ஐ அவ ஒரு கடனாட்டம் வெச்சிருந்தா. அது ஒண்ணு தான் அவளுக்குள்ள மரத்துப் போகாம இருந்த எடம்.

மழைக்காலம் வந்துச்சு, போச்சு. படம் இன்னும் நல்லா தெரிய ஆரமிச்சிச்சு. மொதல்ல ஒரு சேனல் வந்த எடத்துல நாலு வந்துச்சு, அப்புறம் பேரே இல்லாத சேனல் எல்லாம் வந்துச்சு, ஒண்ணுல வெறும் கடல் தெரியும், அதையும் பாத்தாங்க. ஒரு நாள் அவசரமா பாத்ரூம் போக ஆன்டெனாவ நாற்காலில வெச்சிட்டு எழுந்தவ, திரும்பி வந்தா படம் ஓடிட்டே இருந்துச்சு. பிளேயர் முன்கூட்டியே கொஞ்சம் சேத்து வெச்சி ஓட்டும், பஃபர்னு சொல்லுவாங்க, அது கொஞ்சம் பெருசா செட் ஆயிருக்கும்னு நெனச்சிக்கினா. மறுநாள் இன்னும் கொஞ்ச நேரம் எழுந்து போனா. படம் நிக்கல. செட்டிங்ஸ்ல போய்ப் பாத்தா, பஃபர் எப்பவும் இருக்கற அளவு தான் இருந்துச்சு. பாக்கலன்னு வெச்சிக்கினா.

மேட்ச்ல கடைசி பந்துல சிக்ஸ் அடிச்சாங்க, டில்லி கத்தல. கைய தொடை மேல வெச்சி பாத்துட்டே இருந்தாரு. பஷீர் பாய்க்குக் கத்தார்ல இருந்து மகன் போன் பண்ணி, பொண்ணு பொறந்திருக்கு வாப்பான்னு சொன்னான், "சரி, நல்லா பாத்துக்க"ன்னுட்டு ஸ்கிரீன் பக்கம் திரும்பிட்டாரு. சரளாக்கா புருஷன் குடிச்சிட்டு வந்து வாசல்ல நின்னு அவ பொறப்பையே இழுத்துத் திட்டினான், முன்னன்னா தொடப்பக்கட்ட பறக்கும், அன்னிக்கு அவ, "உள்ள வந்து குந்துயா, பாட்டு போட்றான்"ன்னா, அவனும் வந்து குந்தினான். பிளாக்ல சண்டையே இல்லாம போச்சுன்னு பக்கத்து பிளாக்காரங்க பெருமையா பேசிக்கினாங்க.

அமுலு மொதல்ல ரூமுக்கே வர மாட்டா. அப்புறம் கீரைய எடுத்துக்கினு வந்து கதவோரமா குந்தினா. அப்புறம் கீர இல்லாமலே வந்தா. ராத்திரி படுத்தா செவுத்துப் பக்கம் திரும்பித் தூங்கிட்டா, கேள்வி நின்னு போச்சு. நல்லா தூங்கறாளேன்னு சங்கவி நெனச்சா.

வருஷம் திரும்புற நாளும் மேட்ச் ஃபைனலும் ஒரே நாள்ல விழுந்துச்சு. பஷீர் பாய் வந்து அமுலுகிட்ட, சங்கவிய வெச்சிக்கினே, தப்பா ஒண்ணும் கேக்கற மாதிரி இல்லாம கேட்டாரு.

"படையல ரெண்டு நாள் தள்ளி வெச்சிக்கிறியாமா? பாப்பா மனசு கலங்கிடுச்சுன்னா அன்னிக்குப் படம் போயிடும்."

சங்கவி அம்மா மூஞ்சிய பாத்தா. இப்பக் கத்துவா, இப்ப செருப்பத் தூக்குவான்னு பாத்தா.

"தள்ளி வெச்சிக்கலாம் பாய்"ன்னா அமுலு. "அவன் எங்க போயிடப் போறான்."

ஃபைனல் அன்னிக்கு மத்தியானம் சங்கவி ஆன்டெனாவ நாற்காலில வெச்சிட்டு, யாருகிட்டயும் சொல்லாம படியேறி வீட்டுக்குப் போனா. படம் நிக்கலன்னு அவளுக்கு இப்ப நல்லா தெரியும். பால்கனில நின்னு மீன்காரி வண்டி சத்தம் கேட்டு எறங்கி நெத்திலி வாங்கினா, ஏன்னா லோகு நெத்திலின்னா சட்டிய வழிச்சி நக்குவான், கழுவினா, தலைய கிள்ளினா, மாங்கா போட்டு கொழம்பு வெச்சா, எலை போட்டா, போட்டோவுக்குப் பூ வெச்சா. சோறு போட்டு கொழம்பு ஊத்தினப்போ கை தன்னால ரெண்டாவது கரண்டிக்குப் போச்சு, அவன் எப்பவும் கொழம்பு பத்தலன்னு சொல்றவன், ரெண்டாவது கரண்டி ஊத்தினா, கொழம்பு எலைய விட்டு வழிஞ்சி தரைல ஓடுச்சு, "போதும்க்கா"ன்னு சொல்ல ஆளில்லாம அது பாட்டுக்கு ஓடுச்சு. அப்ப வந்துச்சு. கன்னத்துல ஊசி மருந்தோட வேகம் எறங்கறப்போ மொதல்ல வலி தான வரும், அப்படி வந்துச்சு, அடிவயித்துல இருந்து, வாய மூட முடியாத மாதிரி.

படில விழுந்து எழுந்து எறங்கினா. அம்மாவக் கூப்புடணும், ஒண்ணா அழணும், அது ஒண்ணு தான் புத்தில இருந்துச்சு. வழில இன்னொரு நெனப்பும் வந்துச்சு, இந்நேரம் படம் ஒடஞ்சிருக்கும், எல்லாரும் கத்துவாங்க, சரளாக்கா அடிக்கக் கூட வருவான்னு, அது அவளுக்கு வேண்டி இருந்துச்சு, யாராச்சும் ஒருத்தரு கத்தணும்னு இருந்துச்சு.

ரூமுக்குள்ள படம் தெளிவா ஓடிச்சு. மைதானத்துப் புல்லு ஒவ்வொண்ணா தெரிஞ்சிச்சு. லேப்டாப் ஓரத்துல சிக்னல் பட்டை மொத்தமா பச்சையா, கடைசி வரைக்கும் ரொம்பி இருந்துச்சு. அவ வாய்விட்டுக் கதறிக்கினு நடுவுல நின்னா, ஒரு தல திரும்பல. டில்லிய பாத்தா, பஷீர் பாய பாத்தா, சரளாக்கா தோளப் புடிச்சி உலுக்கினா, சரளாக்கா உலுக்கின பக்கம் கொஞ்சம் சாஞ்சி, மறுபடி நிமிந்துக்கினா.

சங்கவி அம்மா முன்னாடி மண்டி போட்டு அவ மூஞ்சிய ரெண்டு கையாலயும் புடிச்சா.

"அம்மா. வந்துடுச்சும்மா. அழறேன் பாரும்மா. வா, ஒண்ணா அழுவோம் வாம்மா."

அமுலு மகள பாத்தா. அடையாளம் தெரிஞ்சி தான் பாத்தா, கண்ணுல கோவமோ வெறுப்போ ஒண்ணுமில்ல, இருந்திருந்தா கூட தேவல. கண்ணீர தன் பெருவிரலால ஒரு பக்கம் தொடச்சி விட்டா. அப்புறம் மெதுவா தலைய ஒரு பக்கமா சாய்ச்சி எட்டிப் பாத்து,

"கொஞ்சம் தள்ளிக்கடி கண்ணு. மறைக்குது"ன்னா.

தன் மரப்பு இவங்க எல்லாருக்கும் ஏறிடுச்சு, படம் இப்ப அதுல தான் ஓடுதுன்னு புரிஞ்சிச்சு. ஆன்டெனாவப் புடுங்கிடலாம்னு ஒரு நிமிஷம் கை போச்சு. போயி நின்னுடுச்சு. இவங்களுக்கெல்லாம் வலிய ஒரே நேரத்துல திருப்பிக் குடுக்கறதுக்கு அவளுக்குத் தெம்பு இல்ல, அவளுதத் தூக்கவே அவளால முடியல. வெளிய வந்து பிளாக்குகளுக்கு நடுவுல இருக்கற சிமென்ட் தரைல, வெயில்ல, அப்படியே குந்திட்டா. குந்தி அழுதா. ஜே பிளாக்ல இப்படி ஒரு சத்தம் கேட்டு எவ்வளவோ நாளாச்சு, செவுத்துல பட்டு எட்டு மாடிக்கும் ஏறி மறுபடி எறங்குச்சு. ஜே பிளாக் ஜன்னல் ஒண்ணு தொறக்கல.

எதிர்ல எம் பிளாக்ல, போன வாரம் தான் வேற ஏதோ ஆத்தோரத்துல இருந்து லாரில வந்து எறங்கினவங்க குடி இருந்தாங்க. அஞ்சாவது மாடி பால்கனில துணி காயப் போட்டுட்டு இருந்த ஒரு பொம்பள, சங்கவி இதுவரைக்கும் பாக்காதவ, கம்பி மேல சாஞ்சி கீழ பாத்தா.

"யார் வூட்டு சாவுமா?"

"என் தம்பி."

"எப்போ?"

"போன வருஷம்."

கைல இருந்த ஈரத் துணிய அப்படியே கம்பில போட்டா அந்தப் பொம்பள.

"இரு, வரேன்."

சங்கவி காத குடுத்துக்கினு குந்தி இருந்தா. எம் பிளாக் படிக்கட்டுல ரப்பர் செருப்பு சத்தம், ஒவ்வொரு மாடியா, கீழ எறங்கி வந்துட்டு இருந்துச்சு.